ஞாயிலில் நின்ற நாடகம்

"ஞாயில் நிழலில் தனித்துநின்றேன், தோழ! வாளுடன் வந்தனை, வரவு எதற்கோ?" என்று அரசர் கேட்டு முடித்தார். எதிரே படைத்தலைவர் மடக்குக் குடையை ஓங்கிவிட்டார். இனிக் குடை இறங்கவேண்டும், அரசர் பெஞ்சில் சாயவேண்டும், மூன்றாம் அங்கம் முடியவேண்டும்.

ஒரு விரல் எழுந்தது.

"ஒரு நிமிஷம். ஞாயில்னா என்ன?"

அரசர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "சார், நான் செத்த பிறகு கேட்கக் கூடாதா?"

"அப்புறம் கேட்டா நீங்க எங்க நின்னு செத்தீங்கன்னே தெரியாதே, டாக்டர்."

படைத்தலைவர் குடையை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவருக்கு இது பழக்கம். அந்தக் குடை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விரலின் சொந்தக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நாலு பேர் கூடிப் பழைய நூல் ஒன்றைப் படிக்கும் எந்த அறையிலும் இவர் ஒருவர் இருப்பார். இந்த இனத்துக்கு அருஞ்சொல்லர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் அறையில் இருந்தவரை அரும்பதம் என்று அழைத்தோம், அவர் இல்லாதபோது. இருக்கும்போது 'சார்'.

சொல் தெரியாதது குற்றமில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மற்றவர்கள் கடினமான சொல்லை மாடிப்படியில் எதிர்ப்படும் அந்நியரைப்போல நடத்துவோம்: லேசாகச் சிரித்து, ஒதுங்கி, மேலே போய்விடுவோம். அருஞ்சொல்லர் அப்படி விடமாட்டார். அந்நியரின் கையைப் பிடித்து, ஊர் எது, தகப்பனார் யார், இந்த வீட்டில் என்ன வேலை என்று விசாரித்து முடிக்கும்வரை தானும் ஏறமாட்டார், பின்னால் வருபவர்களையும் ஏறவிடமாட்டார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஆழமான வாசிப்பு.

எங்கள் அரும்பதத்துக்கு நில அளவைத் துறையில் வேலை. ஒரு கல்லை நட்டு, அது ஆடாது என்று காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கல்லுக்கு நகர்வார். வேலையில் அது நல்ல குணம். அதே குணத்தோடு ஞாயிற்றுக்கிழமை மாலை துணிப்பையில் அகராதியும் இரண்டு பக்கமும் சீவிய பென்சிலுமாக வந்து உட்காருவார். பென்சிலின் கூர்முனை பொருள் எழுத, தேய்ந்த முனை அடிக்கோடு போட. அகராதி மடியில் இருக்கும். தூங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல நடுநடுவே அதன் முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

அவர் வீட்டு அலமாரியைப் பார்த்திருக்கிறேன். பழைய நாடகங்கள் ஒரு வரிசை முழுக்க. எதைத் திறந்தாலும் முதல் இருபது பக்கம் எறும்புப் புற்றை உடைத்ததுபோல இருக்கும். வரிக்கு மேலும் கீழும் ஓரத்திலும் பொருள். இருபத்தொன்றாம் பக்கத்திலிருந்து வெள்ளை வெளேர். ஆகவே உலகத்து நாடகங்களில் அம்புக்கூட்டுக்கும் கோட்டைக் கதவின் தாழ்ப்பாளுக்கும் என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது தெரியாது. கேட்டால் அடக்கமாகச் சொல்வார்: "இன்னும் அங்க வரலை."

கற்ற சொல்லை அவர் சும்மா விடுவதுமில்லை. மூன்று தடவை பயன்படுத்தினால்தான் சொல் நமக்குச் சொந்தமாகும் என்று எங்கோ படித்திருக்கிறார். (அந்தப் புத்தகத்திலும் இருபது பக்கம்தான் படித்திருப்பார்.) அதனால் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு சுற்றுச்சுவருக்காக அடித்துக்கொண்டபோது, அளந்துவிட்டு வந்து, 'எதிர்மனுதாரரின் எயில் மனுதாரரின் நிலத்துக்குள் அரை அடி புகுந்துள்ளது' என்று அறிக்கை எழுதினார். எயில் என்றால் மதில். மேலதிகாரி நிலத்துக்குள் ரயில் எப்படிப் புகும் என்று சிவப்பு மையில் கேட்டுத் திருப்பி அனுப்பினார். வீட்டில் ஒருநாள், "சேக்கை விரிச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"படுக்கை விரிச்சாச்சு. சேக்கை வேணும்னா நீங்களே விரிச்சுக்குங்க" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

துக்க வீட்டுக்குப் போய், "உங்கள் அஞரில் பங்குகொள்கிறேன்" என்று கையைப் பற்றினார். துன்பத்தில் என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அழுதிருக்கும். அவர்கள் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

இதெல்லாம் அவரவர் தலைவிதி. எங்களுக்கு வந்த கஷ்டம் வேறு. அவர் எங்கள் வாசிப்புக்கு ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தார். நிறுத்திப் பொருள் பார்த்த பிறகு, நிறுத்திய இடத்திலிருந்து தொடரக் கூடாது. காட்சியின் முதல் வரியிலிருந்து மறுபடி. ஏன்?

"ஓட்டம் கெட்டுடக் கூடாது பாருங்க" என்றார்.

முதல் நாள் எல்லாரும் தலையாட்டிவிட்டோம். நல்ல விதி என்றுகூட யாரோ சொன்னதாக ஞாபகம். அதன் விளைவாக, கோட்டைக் காட்சியின் தொடக்கத்தில் வரும் வாயிற்காவலனாகிய நான் "யாரது?" என்ற என்னுடைய ஒரே வசனத்தை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. நல்லவேளை, அதில் பொருள் தெரியாத சொல் இல்லை.

இவருக்கு நேர் எதிரான இனமும் உண்டு. எங்கள் படைத்தலைவரே அதற்கு உதாரணம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாங்கள் கூடியது அவர் கடைக்கு மேல்மாடியில், கண் பரிசோதனைக்கு மாட்டும் பழைய எழுத்துப் பலகைகளுக்கு நடுவே. அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாத சொல் வந்தால் குரலை இரண்டு மடங்கு உயர்த்துவார். அவர் கத்துவதை வைத்துத்தான் அது கடினமான சொல் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அவரால் யாருக்கும் தொல்லையில்லை. அவர் தனக்குப் புரிந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்பினார்.

நாடகத்தில் அரும்பதத்துக்குத் தூதுவன் வேடம். இரண்டாம் அங்கத்தில் தலைதெறிக்க ஓடிவந்து செய்தி சொல்லவேண்டும். அவர் உட்கார்ந்தபடியே ஓடிவந்தார்.

"அரசே! தெவ்வர், அதாவது பகைவர், இவுளி ஏறி, குதிரை ஏறி, எயில், அது முன்னாலேயே பார்த்துட்டோம், எயிலைச் சூழ்ந்தனர்!"

"இவ்வளவு நேரம் சொன்னா அவங்க உள்ளயே வந்திருப்பாங்க சார்" என்றார் அரசர். அவர் பல் மருத்துவர். நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கும்போது பேசிப் பேசி அவருக்குப் பேச்சு நிற்காது.

அரும்பதம் சிரிக்கவில்லை. பகைவர் என்பதற்கு இதே நாடகத்தில் வேறு ஐந்து சொற்கள் வருவதாகவும் ஒவ்வொன்றுக்கும் நுட்பமான வேறுபாடு இருப்பதாகவும் சொன்னார். நண்பனுக்கு எத்தனை சொல் வருகிறது என்று அவர் எண்ணவில்லை. ஏன் எண்ணவேண்டும்? அவை எல்லாம் தெரிந்த சொற்கள்.

இனி அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த வாசிப்பில் உண்மையாக எதையோ எதிர்பார்த்து வந்தவர் அவர் ஒருவர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நடுச்சாலையில் இன்ஜினை அணைத்துவிட்டு நடுங்குகிற ஆட்களிடம் நாள் முழுக்கக் குரல் உயர்த்தாமல் பேசுவது அவர் தொழில். நாடகத்தில் அவருக்கு அரசி வேடம். இந்த அரசி நாலு அங்கத்துக்கு மேடைப்பக்கமே வருவதில்லை. ஐந்தாம் அங்கத்தில் வந்து, இறந்து கிடக்கும் கணவன் முன் நின்று ஒரே ஒரு முறை பேசுகிறாள். இரண்டு பக்கம். அதோடு நாடகம் முடிகிறது.

அந்த இரண்டு பக்கத்தையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார். ஒரு மாணவர் வருவதற்கும் அடுத்த மாணவர் வருவதற்கும் நடுவே வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துப் புலம்பிப் பழகினார். வாரா வாரம் அறைக்கு வருவார். வாரா வாரம் ஓரமாக உட்கார்ந்து தன் கணவர் விரலைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னார்: "என் வண்டியில, கத்துக்கறவங்க பக்கத்துல உட்கார்ற எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. ஆக்ஸிலேட்டர்தான் கிடையாது. இங்க பிரேக்கும் அவர்கிட்டதான்."

அன்றைக்குக் கடைசி ஞாயிறு. மேல்மாடியைக் கட்டடச் சொந்தக்காரர் ஒரு டயர் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இருட்டியதும் டயர்க்காரர் சாவிக்கு வருவார். அதற்குள் ஐந்தாம் அங்கம் வரவில்லையென்றால் அரசி எந்தக் காலத்திலும் வாய் திறக்கப்போவதில்லை. இது அறையில் எல்லாருக்கும் தெரியும். அரும்பதத்துக்கும் தெரியும். வரும் வழியில் வண்டியில் பேச்சு நடந்திருக்கிறது.

"என்னங்க, இன்னிக்கு ஒருநாள் மட்டும் அந்த விரலை மடக்கி வச்சுக்குங்க."

"கேக்கவே மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"ஒரு சொல்லுக்குக்கூட நிறுத்த மாட்டேன்னு சொல்றேன்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அருஞ்சொல்லர் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. ஞாயில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். முந்தைய இரண்டு வாரங்களும் அதே இடத்தில் நிறுத்தினாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு முறையும் அவரை நிறுத்தியவை வேறு சொற்கள். அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் முட்கள் இருந்தன; அவற்றைப் பிடுங்கும் மும்முரத்தில் ஞாயில் அவர் கண்ணில் படவில்லை.

அகராதி திறந்தது. 'கோட்டை மதிலின் ஓர் உறுப்பு' என்றிருந்தது.

"எந்த உறுப்பு?" என்றார் அரும்பதம், அகராதியைப் பார்த்து.

"ஞாயில்னா ஞாயில்தான் சார்!" என்று இரண்டு மடங்குக் குரலில் விளக்கினார் கண்ணாடிக் கடைக்காரர்.

"எனக்கு இது போதும்" என்றார் பல் டாக்டர். "வாயில ஒரு உறுப்புன்னு சொன்னாலே நான் புடுங்கிடுவேன்."

அரும்பதம் புத்தகத்தின் பின்னட்டையில் மதிலை வரைய ஆரம்பித்தார். அளவுகோலுக்கு ஏற்ப வரைந்தார். உறுப்பு மேலேயா, நடுவிலேயா, வெளியே துருத்திக்கொண்டா? அதற்கு நிழல் விழவேண்டும். அரசர் அதில் நிற்கவேண்டும். அப்படியானால் சூரியன் எந்தப் பக்கம்? ஜன்னலில் உண்மையான சூரியன் எந்தப் பக்கமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஒருவழியாக, மதிலின் மேல்விளிம்பில் அம்பு விடுபவர்கள் மறைந்துகொள்கிற இடம்போல ஏதோ ஒன்று என்று, அரை மனதோடு, கேள்விக்குறி போட்டு எழுதினார்.

"சரி. ஓட்டம் கெட வேண்டாம். காட்சி முதல்லேருந்து."

"யாரது?" என்றேன்.

அரசர் மதில்மேல் ஏறினார். வானத்தைப் பார்த்தார். நண்பன் வருவதைக் கண்டு மகிழ்ந்தார். "ஞாயில் நிழலில் தனித்துநின்றேன், தோழ!" குடை எழுந்தது. எல்லாரும் அரும்பதத்தைப் பார்த்தோம். அவர் இரண்டு கைகளையும் அகராதிக்கு அடியில் வைத்திருந்தார். "வாளுடன் வந்தனை, வரவு எதற்கோ?" கீழே தெருவில் லாரி ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது.

அகராதிக்கு அடியிலிருந்து விரல் வெளியே வந்தது.

"கேக்கலை. சொல்றேன். மேல்விளிம்பா இருக்க முடியாது. நிழல் உள்பக்கம் கீழ விழும்; ராஜா மேலல்ல நிக்கிறார்."

குடை இறங்கியது. சாவிக்கு வந்த டயர்க்காரர் வாசலில் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு கணம் பார்த்தார்.

மனைவி எழுந்தார். புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நேராக அரசரிடம் போனார்.

"படுங்க டாக்டர்."

"அக்கா, நான் இன்னும் சாகலையே."

"படுங்க."

அந்தக் குரல் பல பேரை நடுச்சாலையிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுவந்த குரல். டாக்டர் பெஞ்சில் நீட்டிப் படுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். கத்தி படாமலே செத்துப்போன அரசர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

"கங்குல் கழிந்தது; கதவம் திறந்திலை;
எங்கண் துயில்கின்றனை, என் குரிசிலே?"

அந்தக் குரல் எங்களுக்குப் புதிது. உரக்கவும் இல்லை, அழவும் இல்லை. விடிந்தும் கதவைத் திறக்காமல் தூங்குகிற கணவனை எழுப்ப வந்த ஒரு பெண்ணின் சாதாரணக் குரல். எங்கே போய்ப் படுத்துக்கிட்டே என்கிற குரல். அதிலிருந்து மெதுவாக, மேட்டில் ஏறும் வண்டிபோல, ஒரு இடத்திலும் உதறாமல் மேலே போனது. அரும்பதம் பெஞ்சுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அகராதி மடியில் இருந்தது.

"ஞாட்பினில் வீழ்ந்தனை எனின் ஆற்றுவேன்—"

விரல் எழுந்தது. அதன்மேல் அவருக்கே அதிகாரம் இல்லை என்று நினைக்கிறேன். ஞாட்பு என்றொரு சொல் காற்றில் போனது; விரல் அதன் பின்னால் போனது.

அரசி பேச்சை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி, கியரைப் பிடிப்பதுபோல அந்த விரலை முழுதாகப் பிடித்து, கீழே இறக்கி, அப்படியே வைத்துக்கொண்டார்.

"நட்பினில் வீழ்ந்தனை, நான் என் செய்கேன்?"

போரில் செத்திருந்தால் தாங்கிக்கொள்வேன், நண்பன் கையால் செத்தாயே என்கிறாள். அவ்வளவுதான். மீதி ஒன்றரைப் பக்கமும் அதுதான். அந்த ஒன்றரைப் பக்கத்துக்கும் அரும்பதம் விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அகராதி மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிய முடியவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டார்.

முடிந்தது. டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இருந்ததாக அவர் சொன்னதை அப்படியே பதிவுசெய்கிறேன். டயர்க்காரர் சாவி கேட்கவில்லை.

மனைவி விரலை விட்டார். அது சிவந்திருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அரும்பதம்.

"முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப ராஜா செத்துட்டாரா?"

"செத்துட்டாரு."

"எப்படி?"

அறையில் இருந்த எல்லாரும் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தோம். அவர் தயக்கத்தோடு குடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"இவரா?"

"மூணு வாரமா நான் கத்தியை ஓங்கிக்கிட்டு எதுத்தாப்புல நிக்கிறேனே, சார்!"

அரும்பதத்தின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "நீங்க காவலுக்கு வந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். அந்த வரியைச் சுற்றிலும் பென்சில் குறிகள். ஞாயிலுக்கு மேலே கேள்விக்குறி. 'தோழ' என்பதன்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த சொல்.

"அவனை நல்லவன்னு நெனச்சேன்" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். இப்படியும் ஒருத்தர் இருப்பாரா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அரசி அந்த ஒன்றரைப் பக்கத்தில் வேறு என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தோன்றியதா, அல்லது ஞாயில் கடைசியில் மதிலின் எந்த உறுப்பு என்றுதான் கொஞ்ச நேரமாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறதா? பதில் சொல்லவேண்டாம். விரலைக் கீழே இறக்கினால் போதும்.

மறுநாள் திங்கட்கிழமை. மேல்மாடியில் டயர்களை அடுக்கினார்கள். எழுத்துப் பலகைகளைக் கண்ணாடிக் கடைக்காரர் கீழே இறக்கிக்கொண்டார். பல் டாக்டருக்கு நோயாளிகள் அதிகம். அரும்பதம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவரை அளந்து, அறிக்கையில் சுவர் என்றே எழுதினார். அவர் மனைவி புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினார்.

"அந்த ராணி அதுக்கப்புறம் என்ன ஆனா?" என்று கேட்டார் அரும்பதம்.

"தெரியாதுங்க. அதோட நாடகம் முடிஞ்சிருது."

அவர் எழுந்துபோய் அகராதியை எடுத்து வந்து, 'அரசி' என்ற சொல்லைப் பார்த்தார். அரசன் மனைவி, நாடாளும் பெண் என்றிருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.